வேரைக் காயவிடாதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. மண் இல்லாமல், வெறும் வேரோடு பெட்டியில் வரும் ரோசாக் கன்றுகள்தான் அது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, மூன்று ரோசாக் கன்றுகளுக்கு ஓடர் கொடுத்திருந்தோம். பெட்டியைத் திறந்தால் இலையும் இல்லை, மண்ணும் இல்லை. முள்ளுத் தடியும் வேரும்தான். "காய்ந்த விறகை அனுப்பி ஏமாற்றிப் போட்டாங்கள்" என்கிறார் இவர். வெளியே நிலம் உறைந்து கிடக்கிறது. திருப்பி அனுப்புவதா, நடுவதா?
— ஹரோவிலிருந்து ஒரு வாசகி

திருப்பி அனுப்பாதீர்கள், தங்கச்சி. தடியில் ஒரு இடத்தை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்குக் கீழே பச்சை தெரிந்தால் கன்று உயிரோடுதான் இருக்கிறது. வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இங்கிலாந்தில் நவம்பரிலிருந்து மார்ச் வரை ரோசா உறங்கும். அந்த உறக்கத்தில்தான் வயலிலிருந்து கிளப்பி, மண்ணை உதறி, வேரை ஈரமாகப் பொதிந்து அனுப்புகிறார்கள். நேற்று முளைத்த கன்று என்றும் நினைக்காதீர்கள். ஒரு கோடையில் காட்டு ரோசாவின் அடித்தண்டைக் கீறி, நல்ல ரோசாவின் கண்ணை, அதாவது துளிர் வரும் மொட்டை, அதற்குள் செருகிக் கட்டுவார்கள். குளிர்காலம் முடிகிறபோது காட்டு ரோசாவின் தலையை வெட்டிவிடுவார்கள். அடுத்த கோடை முழுக்க அந்தக் கண்ணிலிருந்து வரும் கொப்புகள்தான் வளரும். அதன் பிறகுதான் உங்கள் பெட்டிக்கு வருகிறது. சட்டியில் வாங்கும் கன்றைவிட விலை குறைவு, வேரும் சட்டிக்குள் சுற்றிச் சுருளாமல் நீளமாக ஓடியிருக்கும். சட்டிக் கன்றா, வெறுவேரா என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

குளிரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்தக் கன்றுகளைக் கொல்வது பெரும்பாலும் வறட்சிதான். பெட்டியைத் திறந்து, அழகு பார்த்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சனிக்கிழமை நடுவோம்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் சூட்டில் அந்தச் சின்ன வேர்கள் எல்லாம் சுருங்கிப் போகும். அதற்குப் பிறகு எவ்வளவு பசளை போட்டும் பிரயோசனம் இல்லை.

நிலம் உறைந்திருக்கும்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும்போதும் நடக் கூடாது. கன்றை வந்த பொதியோடேயே கராஜிலோ ஷெட்டிலோ வையுங்கள். உறையாத, ஆனால் குளிரான இடமாக இருக்க வேண்டும். வேரைத் தொட்டுப் பார்த்து, உலர்ந்தமாதிரி இருந்தால் தண்ணீர் தெளியுங்கள். ஒரு கிழமைவரை அப்படியே இருக்கலாம். அதற்கு மேலும் உறைபனி விடாவிட்டால், ஒரு பெரிய சட்டியில் ஈரமான கொம்போஸ்ட் போட்டு, மூன்றையும் சரிவாகப் படுக்க வைத்து வேரை மூடிவிடுங்கள். நிலம் இளகினதும் எடுத்து நடலாம்.

நடுகிற நாளில் முதல் வேலை வாளி. கிடங்கு வெட்டத் தொடங்க முன்னமே வேர் முழுக்க மூழ்கும்படி தண்ணீரில் வைத்துவிடுங்கள். குறைந்தது இரண்டு மணித்தியாலம் ஊறட்டும். இரவு முழுக்க என்றாலும் பரவாயில்லை, ஆனால் நாட்கணக்கில் விடாதீர்கள். முறிந்த வேர் இருந்தால் முறிவு வரைக்கும் மட்டும் நறுக்குங்கள். கிடங்குக்குள் மடங்காமல் இருக்கட்டும் என்று நல்ல வேரை வெட்டிக் குட்டையாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்காது. கிடங்கைத்தான் பெருப்பிக்க வேண்டும்.

அகலமும் ஆழமும் 40 செ.மீ. இருந்தால் போதும். ஹரோப் பக்கம் முழுக்கக் களிமண், என் பின்வளவும் அதேதான். மண்வெட்டியில் அப்பிப் பிடிக்கிற அளவுக்கு ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேலையை விடுங்கள். களியில் வெட்டும்போது கிடங்கின் சுவர் வழுவழுப்பாகிவிடும். தண்ணீர் வெளியேறாது, வேரும் துளைத்துக்கொண்டு போகாது. ஃபோர்க்கால் சுவரையும் அடியையும் குத்திக் கிளறிவிடுங்கள். வெட்டின மண்ணோடு நன்றாக உக்கின சாணிப் பசளை அல்லது கொம்போஸ்ட் கலக்கலாம். இரசாயன உரத்தைக் கிடங்குக்குள் போடாதீர்கள், இளவேரைச் சுட்டுவிடும். அது ஏப்ரலுக்கு, மேலால் தூவுவதற்கு.

இப்போது கன்றைத் தூக்கி, வேரும் தண்டும் சேரும் இடத்தில் உருண்டையாகப் புடைத்திருக்கும் ஒட்டு முடிச்சைப் பாருங்கள். கிடங்குக்குக் குறுக்கே ஒரு தடியை வைத்தால் மண்மட்டம் எங்கே வரும் என்று தெரியும். முடிச்சு அந்தத் தடிக்குக் கொஞ்சம் கீழே, 5 செ.மீ. அளவில் இருக்கட்டும். வேரைச் சுற்றிவர விரித்துவிடுங்கள். வேர் தண்ணீரும் சத்தும் இழுக்க உதவும் நல்ல பூஞ்சையின் தூளைப் பாக்கெட்டில் விற்கிறார்கள். போடுவதென்றால் ஈரவேரிலேயே ஒட்டும்படி தூவ வேண்டும், மண்ணோடு கலந்தால் பயன் குறைவு. மண்ணைப் போட்டு, இடைவெளி நிற்காமல் காலால் இலேசாக அமத்தி, மழைக்காலம் என்றாலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர்தான் மண்ணை வேரோடு ஒட்ட வைக்கும்.

ஹைபிரிட் ரீ (தண்டுக்கு ஒரு பெரிய பூ), ஃப்ளொரிபண்டா (கொத்தாகப் பூ) வகை என்றால் குளிர் குறையும்போது கொப்புகளை 15 செ.மீ. மட்டும் மிஞ்சும்படி வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் வெட்டியே அனுப்பியிருப்பார்கள், மூடியில் எழுதியிருக்கும். மார்ச் கடைசியில் சிவப்பாகக் குருத்து வரும், ஜூனில் பூ பார்க்கலாம். முதல் கோடையில் மழை இல்லாவிட்டால் கிழமைக்கு இரண்டு தடவையாவது கன்றுக்கு 5 லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல்மண்தான் நனையும்.

ஒட்டு முடிச்சு மண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்கிறார் லண்டனில் இருக்கும் அண்ணா. இங்கே கடையில் "நன்றாகப் புதை" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— ஸ்காபரோ, ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர்

கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள், தம்பி. அண்ணா சொல்வது லண்டனுக்குப் பிழையில்லை. இங்கே சிலர் மண்மட்டத்திலும், என்னைப்போலச் சிலர் கொஞ்சம் கீழேயும் வைப்போம், இரண்டும் தப்பிவிடும். உங்கள் குளிருக்கு 5 முதல் 10 செ.மீ. ஆழம் வேண்டும். கொப்பெல்லாம் கருகினாலும் முடிச்சு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தால் அதிலிருந்து திரும்பத் துளிர்க்கும். முடிச்சே உறைந்து செத்தால் பிறகு அடியிலிருந்து வருவது காட்டு ரோசாதான்.

நிலம் இளகி, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும்போது நடுங்கள். உங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் ஏப்ரல். நட்டபின் கொப்புகளைச் சுற்றி 15, 20 செ.மீ. உயரத்துக்கு மண்ணைக் குவித்துவிட மறக்காதீர்கள். வசந்தகாலக் காற்று தடியை உலர்த்திவிடும், வேரோ இன்னும் தண்ணீர் இழுக்கத் தொடங்கியிருக்காது. குருத்து வெளியே எட்டிப் பார்த்ததும் குவியலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் விலக்குங்கள். மண்வெட்டி வேண்டாம், குருத்து முறிந்துவிடும்.

இன்னொரு யோசனை. கனடிய விவசாயத் திணைக்களம் ஒட்டாவாவில் உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் வரிசை ரோசாக்களைத் தேடிப் பாருங்கள். 1968இல் வந்த 'மார்ட்டின் ஃப்ரோபிஷர்', 1978இல் வந்த 'ஜோன் கபொட்' எல்லாம் உங்கள் குளிருக்காகவே பிறந்தவை. பல இடங்களில் இவற்றை ஒட்டாமல் சொந்த வேரிலேயே விற்கிறார்கள். அப்படிக் கிடைத்தால் ஒட்டு முடிச்சைப் பற்றிய கவலையே உங்களுக்கு இல்லை.

பழைய ரோசா ஒன்றைக் கிளப்பி எறிந்துவிட்டோம். அதே இடத்தில் புதிதை வைக்கலாமா?
— ஈஸ்ட்ஹாம்

வேறு இடம் இருந்தால் வேறு இடத்தில் வையுங்கள். பல வருடம் ரோசா நின்ற மண்ணில் புது ரோசா வைத்தால் அது வளராமல் குன்றி நிற்பதுண்டு. வேறு இடமே இல்லை என்றால் 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்துக்குப் பழைய மண்ணை எடுத்து, ரோசா நிற்காத பாத்தியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்புங்கள். எடுத்த மண்ணை எறிய வேண்டாம். கத்தரி, வெங்காயத்துக்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை.

போன வருடம் நட்ட சிவப்பு ரோசாவில் இந்த வருடம் அடியிலிருந்து வெளிர்பச்சை இலையோடு ஒரு நீளத் தடி விறுவிறுவென்று போகிறது. நல்லதுதானே?
— லெஸ்ரர்

நல்லதில்லை, அம்மா. அது ஒட்டு முடிச்சுக்குக் கீழே, காட்டு ரோசாவிலிருந்து வரும் பக்கக் கன்று. இந்த நாட்டில் அடிக்கட்டைக்கு அநேகமாக லக்ஸா என்ற காட்டு வகையைத்தான் பாவிக்கிறார்கள், அதன் பூ வெள்ளை, ஒற்றை இதழ் அடுக்கு. விட்டால் உணவெல்லாம் அதற்கே போய், மேலே இருக்கும் சிவப்பு மெலிந்துகொண்டே வரும். மண்ணை விலக்கி, அந்தத் தடி வேரில் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அங்கேயே பிடித்துக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிய்த்துவிடுங்கள். மண்மட்டத்தில் கத்தரியால் வெட்டினால் ஒன்றுக்கு நாலாக வரும். பிய்த்த இடத்தை மண்ணால் மூடித் தண்ணீர் ஊற்றுங்கள்.

மார்கழியில் மகள் லண்டனிலிருந்து வருகிறாள். இரண்டு வெறுவேர்க் கன்றுகளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லட்டுமா?
— யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி

வேண்டாம். செடிகளைக் கொண்டுவர முன்கூட்டியே இலங்கையில் அனுமதி எடுக்க வேண்டும், அங்கிருந்து நோயில்லை என்ற சான்றிதழும் வேண்டும். பூச்சியும் நோயும் வேரோடு வந்து இறங்கினால் உங்கள் வளவு மட்டுமில்லை, ஊரே பாதிக்கப்படும். அந்தச் சட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

அனுமதி கிடைத்தாலும் பயன் குறைவு. குளிரில் உறங்கி எழும்பிப் பழகின கன்று அது. நம் ஊர் வெயிலில் அதற்கு உறக்கம் கிடையாது. 1861இல் சிங்கோனாத் தோட்டமாகத் தொடங்கிய ஹக்கல பூங்காவில் ரோசாக்கள் அவ்வளவு செழிப்பாக நிற்பதற்கு நுவரெலியாப் பக்கத்துக் குளிர்தான் காரணம். நீங்கள் உள்ளூரில் வெக்கைக்குப் பழகின ஒட்டுக்கன்றைச் சட்டியோடு வாங்கி, மாரி மழை தொடங்கின கையோடு நடுங்கள். காலை வெயில் படவேண்டும், பின்னேர வெயிலுக்குக் கொஞ்சம் நிழல் இருந்தால் நல்லது. ஸ்காபரோத் தம்பிக்குச் சொன்னதுக்கு எதிராக, உங்களுக்கு ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும்படி நிற்க வேண்டும். அடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பி, தண்டில் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.