ஊருக்குள் ஒரு காடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நகர்ப்புற வனப் பூங்காக்களைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். கொங்குநாட்டின் பல ஊர்களிலிருந்தும் மடல்கள் வந்தன. ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஐந்து கேள்விகளாக இங்கே தருகிறோம்.

மேற்கே திரும்பினால் மலை தெரிகிறது. டாப்சிலிப்புக்கு அரை நாளில் போய்வந்துவிடலாம். இப்படியிருக்க, மக்கள் வரிப்பணத்தைச் செலவழித்து நகரத்துக்குள் காடு வளர்ப்பது வீண் அல்லவா?
– வாசகர், பொள்ளாச்சி

மலை கண்ணுக்குத் தெரிவது வேறு, காலுக்கு எட்டுவது வேறு. டாப்சிலிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில், அனுமதிக்கும் பாதையில் மட்டுமே அங்கே போக முடியும். அது முறையானதும்கூட, ஏனென்றால் அந்த இடம் முதலில் யானைக்கும் சிறுத்தைக்கும் உரியது. மூட்டுவலி உள்ள ஒரு பாட்டியும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரப்பிள்ளையும் சாயங்காலம் அரை மணி நேரம் மரத்தடியில் இருந்துவிட்டு வர வேண்டுமானால், அந்த மரம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தாக வேண்டும். நகர்ப்புற வனவியல் அறிஞர் செசில் கோனைனன்டைக் 2021இல் முன்வைத்த '3-30-300' என்ற அளவுகோல் இதைத்தான் சொல்கிறது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரங்களாவது தெரிய வேண்டும், குடியிருப்புப் பகுதியில் நூற்றுக்கு முப்பது பங்கு பரப்பின்மேல் மர நிழல் விழ வேண்டும், அருகிலுள்ள பசுமைப் பரப்பு 300 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நம்முடைய நெருக்கமான தெருக்கள் பலவற்றில் மூன்று மரம் என்ற முதற்படியையே எட்டுவது கடினம்.

2020இல் மத்திய அரசு தொடங்கிய 'நகர் வனம்' திட்டம், புனே நகரத்து வார்ஜே வனத்தை முன்மாதிரியாகக் காட்டியது. மலைக்காட்டுக்கு மாற்றாக இவற்றை யாரும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் மலையடிவாரத்துக்குப் படையெடுக்கும் கூட்டத்தில் ஒரு பகுதியாவது ஊருக்குள்ளேயே மரநிழலைக் கண்டுகொண்டால், அந்த மலைக்கும் அது நல்லது என்பது என் எண்ணம்.

எங்கள் லே-அவுட்டில் பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய ரிசர்வ் சைட்டில் சில ஆண்டுகளுக்கு முன்பு நெருக்கமாக மரக்கன்றுகள் நட்டார்கள். இப்போது அது காடாகிவிட்டது. பாம்பு, கொசு வருமென்று பயந்து, கீழே உள்ள செடிகொடிகளையெல்லாம் வெட்டிவிட்டு, பேவர் பிளாக் பதித்து நடைபாதை போட வேண்டும் என்று சங்கத்தில் பாதிப்பேர் சொல்கிறார்கள். மீதிப்பேர் ஒரு இலையைக்கூடத் தொடக்கூடாது என்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரு தரப்பும் என்னைத்தான் மத்தியஸ்தத்துக்குக் கூப்பிடுகிறார்கள். என்ன சொல்வது?
– வாசகி, வடவள்ளி, கோவை

அம்மா, உங்கள் மடலைப் போலவே இன்னும் சில மடல்கள் வந்திருப்பதால், இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நீங்கள் விவரித்திருப்பது பெரும்பாலும் மியாவாக்கி முறையாக இருக்கும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த இந்த முறையில், மண்ணை ஆழமாகக் கிளறி எரு கலந்து, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் வீதம் உள்ளூர் மரங்களை நெருக்கி நடுவார்கள். வெளிச்சத்துக்காகக் கன்றுகள் போட்டி போட்டுக்கொண்டு மேலே எழும்பும்; இரண்டு மூன்று ஆண்டுகள் நீர் ஊற்றிக் களையெடுத்தால், அதன்பின் பெரிய பராமரிப்பு வேண்டாம். சிறிய இடத்தில் விரைவாகப் பசுமை வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்ற வழி. ஆனால் கோவைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான். காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு நம் மண்ணின் இயல்பான காடு எப்படி இருக்கும் என்பது தெரியும்: முள்கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல்வெளி, அதில் இடைவெளி விட்டு நிற்கும் வெள்வேல மரங்கள், அங்கங்கே வேம்பு. வெளிச்சம் உள்ளே இறங்கும் காடு அது. ஆகவே உங்கள் இடத்தில் நெருக்கம் மிகுந்து நலிந்துபோன கன்றுகளை, தெரிந்தவரைக் கொண்டு ஓரளவு கலைத்துவிடுவதில் பாவம் ஒன்றுமில்லை.

ஆனால் தரையைத் துடைத்து எடுப்பது வேறு விஷயம். ஒரு புங்க மரத்தடியில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். தவிட்டுக்குருவிகள் ஆறேழு கூட்டமாக வந்து இறங்கி, சருகுகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டு, அடியில் ஒளிந்திருக்கும் பூச்சியைக் கொத்தும்; ஒன்று மட்டும் சற்று உயரமான கிளையில் காவலுக்கு நிற்கும். சருகை வாரித் தீ வைத்துவிட்டால் மறுநாள் அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. செம்போத்து புதர் இல்லாத இடத்தில் தங்காது. எருக்கஞ்செடியைக் களை என்று பிடுங்கினால், அதன் இலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் போகும். ஆவாரைக்கும் கொன்னை வெள்ளையனுக்கும் அதே உறவுதான். வெள்ளலூர் குளக்கரையில் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் வளர்த்திருக்கும் அடர்வனத்தையும், அங்கே பட்டாம்பூச்சிகளுக்கென்றே ஒதுக்கிய பூங்காவையும் உங்கள் சங்கத்தார் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால், வாதத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பாம்பைப் பற்றிய பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பிள்ளைகள் புழங்கும் இடம் அது. ஆனால் பாம்பு வருவது எலியைத் தேடி, எலி வருவது நாம் வேலிக்கு மேலாக வீசும் மிச்சச் சோற்றைத் தேடி. கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். தேங்காய்த் தொட்டியும், பழைய டயரும், பிளாஸ்டிக் கப்பும்தான் அதற்கு இடம் கொடுக்கின்றன. முதலில் குப்பையை நிறுத்துங்கள்.

இரு தரப்புக்கும் நீங்கள் சொல்லக்கூடிய யோசனை இது: நடுப்பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். சுற்றிலும் ஓர் ஆள் அகலத்துக்கு இருமடங்காக மண் பாதை விடுங்கள்; அதன் இரு ஓரங்களிலும் முழங்கால் உயரத்துக்கு மேல் செடி வளராமல் பார்த்துக்கொண்டால், நடப்பவருக்குக் கால் வைக்கும் இடமும் எதிரே வருபவரும் தெளிவாகத் தெரியும். பேவர் பிளாக் வேண்டவே வேண்டாம். அது வெயிலை உறிஞ்சிச் சாயங்காலம் வரை திருப்பிக் கொடுக்கும், மழைநீரை வெளியே தள்ளும், வேர்களுக்குக் காற்றும் நீரும் போவதைத் தடுக்கும். பாதையில் விழும் சருகைக் கூட்டி மரத்தடியிலேயே போட்டால் எருவாகும். பட்ட மரம் ஒன்று பாதையிலிருந்து தள்ளி நின்றால் அதையும் விட்டுவைக்கலாம். கிளிக்கும் மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் அந்தப் பொந்துதான் வீடு.

எங்கள் பகுதிப் பூங்காவை இரவு 8 மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து நான் வீடு திரும்பவே எட்டரை ஆகிவிடும். காலையில் நடக்க வருபவர்களுக்கும், கார் வைத்திருப்பவர்களுக்கும்தான் பூங்காவா?
– வாசகி, திருப்பூர்

சகோதரி, இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

பூங்காவின் நேரத்தை முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் காலை நடைப்பயிற்சிக்காரர்களை மனத்தில் வைத்தே முடிவு செய்கிறார்கள். கோவை ரேஸ்கோர்ஸைச் சுற்றி விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்த்தால், நகரமே மரத்தடியில் நடப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் அடுப்பு மூட்டி, மூன்று வேளைக்கும் சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடும் பெண்களை அங்கே காண முடியாது. அவர்கள் பூங்காவுக்கு வராததைக் கண்டு, அவர்களுக்கு மரத்தில் அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மாலையில், பிள்ளைகளோடும் பொரி பொட்டலத்தோடும் வந்து புல்லில் உட்காரும் குடும்பத்துக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதை எந்த வருகைப் பதிவேடும் காட்டாது. பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேராக வாழ்பவர்களுக்கு முற்றம், திண்ணை, தோட்டம் எல்லாமே அந்தப் பூங்காதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும்; அவர்கள் கூட்டமாக வந்து அமர்ந்தாலே சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஒழிய வேண்டும்.

ஆகவே நீங்கள் கேட்பது நியாயம். இரவு பத்து மணி வரை திறந்து வைப்பதென்றால் பாதையோரத்தில் விளக்கு வேண்டும், நல்ல நிலையில் கழிப்பறை வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், அதில் ஒரு பெண் இருப்பது நல்லது. விளக்கை மரங்களின் உச்சியை நோக்கித் திருப்பாமல் பாதையின்மேல் மட்டும் விழும்படி தாழ்வாக அமைத்தால், அடைந்த பறவைகளுக்கும் தொல்லை இராது. உங்கள் ஊருக்கு இதில் ஒரு பலம் உண்டு. 2015 முதல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்ற பெயரில் தொழில் துறையினரும் தன்னார்வலர்களும் சேர்ந்து லட்சக்கணக்கில் மரங்களை வளர்த்துவருகிறார்கள். ஊரை ஒட்டியிருக்கும் நஞ்சராயன் குளம் 2024இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மரம் வைக்கத் தெரிந்த ஊர் அது. அந்த மரத்தின் நிழல் தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களையும் சேர வேண்டும் என்பதை உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தாகவே கொடுங்கள். உங்களோடு வேலை செய்யும் இருபது பேர் கையெழுத்துப் போட்டால், அது தனி ஒருவரின் குறை என்று யாரும் ஒதுக்க முடியாது.

பொருளாதாரம் படிக்கிறேன். பூங்காவின் மதிப்பை ரூபாயில் சொல்ல முடியும் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் அந்த மதிப்புக்கேற்ப நுழைவுக் கட்டணம் வாங்குவதில் தவறென்ன?
– கல்லூரி மாணவர், கரூர்

மதிப்பிடும் வழிகள் உண்டு. 1947இல் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில், ஒரு பூங்காவுக்கு வருபவர்கள் எவ்வளவு தொலைவிலிருந்து எவ்வளவு செலவழித்து வருகிறார்கள் என்பதைக் கொண்டே அதன் மதிப்பைக் கணிக்கலாம் என்றார். பின்னர் அது பயணச் செலவு முறை என வளர்ந்தது. பூங்காவை ஒட்டிய வீட்டுமனைகளின் விலை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. 'இதைக் காப்பாற்ற மாதம் எவ்வளவு தருவீர்கள்?' என்று குடியிருப்பவர்களையே கேட்பது மூன்றாவது.

இவற்றின் குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலிருந்து நடந்தே வருபவருக்குப் பயணச் செலவு கிடையாது. முதல் முறையின் கணக்கில், தினமும் வரும் அவருடைய அன்பு ஏறக்குறைய சுழியமாகிவிடும். மூன்றாவது முறையில், தினக்கூலிக்காரர் பத்து ரூபாய் என்பார், பங்களாக்காரர் ஐந்நூறு என்பார். அவர்களுடைய பை அளவுதான் அதில் தெரியுமே ஒழிய மன அளவு தெரியாது. எனவே நிர்வாகத்திடம் நிதி கேட்க இந்தக் கணக்குகளைப் பயன்படுத்துங்கள், வாசலில் சீட்டுக் கிழிக்கப் பயன்படுத்தாதீர்கள். சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவைப் போல எப்போதோ ஒருநாள் போய்வரும் இடத்துக்குச் சிறு கட்டணம் வைப்பது ஏற்கத்தக்கது. தினமும் நடந்துபோகும் அக்கம்பக்கத்து வனத்துக்குக் கட்டணம் வைத்தால், முதலில் வராமல் போவது அது மிகவும் தேவைப்படுகிறவர்தான்.

மரங்களுக்கிடையே இருந்தால் உடம்புக்கு நல்லது என்பது உண்மைதானா? அப்படியானால், எங்கள் பகுதியில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தைக் காப்பாற்ற என்ன வழி?
– வாசகர், ஈரோடு

முதல் பாதிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுள் சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 46 நோயாளிகளை மட்டும் கொண்ட சிறிய ஆய்வுதான். 2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களைப் பார்த்தபோது, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று தெரிந்தது. அதை ஒரே நாளில் கழித்தாலும், பிரித்துக் கழித்தாலும் வேறுபாடில்லை. நலமாக இருப்பவர்களே அதிகமாக வெளியே போகக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். மருந்துக்கு மாற்றாக இதை நினைக்க வேண்டாம்.

இரண்டாவது பாதிதான் முக்கியம். மனைப்பிரிவு அங்கீகாரம் பெறும்போது பூங்காவுக்கென்று ஒதுக்கும் இடம் உள்ளாட்சி அமைப்பின் பெயருக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதித் தரப்பட்டிருக்க வேண்டும். பல இடங்களில் அந்தப் பத்திரமே பதிவாகாமல் கிடப்பதால்தான் பின்னால் அது தனியார் மனையாக விலைபோகிறது. ஆகவே அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டு வாங்குங்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். பொது நிலத்து மரத்தை வெட்ட வேண்டுமென்று யாராவது வந்தால், மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு, காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் அந்த இடத்துக்கு யார் யார் வருகிறார்கள், ஆணா பெண்ணா, என்ன வயதிருக்கும், நடக்கிறார்களா, உட்காருகிறார்களா, ஆடு மேய்க்கிறார்களா என்று பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயர் எதுவும் வேண்டாம், எண்ணிக்கை போதும். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் வரைபடத்தின் நகலோடு அந்த நோட்டையும் மேசைமேல் வைத்துப் பேசுங்கள். இரண்டையும் தீர்மானத்தோடு இணைத்துப் பதிவு செய்யும்படி கேளுங்கள்.