லல்வர்த் சுடுதளம்: படகோட்டிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரையில் லல்வர்த் கோவ் தொடங்கி கிழக்கே செயின்ட் ஆல்பன்ஸ் முனை வரையிலான கடல், பிரிட்டிஷ் ராணுவத்தின் டாங்கிப் பீரங்கிப் பயிற்சிக்கான ஆபத்துப் பகுதி. பூல், வேமவுத் பக்கம் பாய்ப்படகு ஓட்டும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கே: சனிக்கிழமை பூலிலிருந்து வேமவுத் போகிறோம். 24 அடிப் படகு. சுடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

ப: பயம் வேண்டாம், ஆனால் விசாரிக்காமல் கிளம்பாதீர்கள். சுடும் பயிற்சி பெரும்பாலும் வாரநாள்களில் பகலில்தான். செவ்வாய், வியாழன் இரவுகளிலும் நடப்பதுண்டு. சனி, ஞாயிறு பொதுவாக அமைதி. ஆனாலும் ஆண்டில் சில வார இறுதிகளில் சுடுகிறார்கள், உங்கள் சனிக்கிழமை அதில் ஒன்றாக இருக்கலாம். ராணுவம் நேரப் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுகிறது. துறைமுக அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

கே: கரையில் சிவப்புக் கொடி தெரிந்தால் திரும்பிவிட வேண்டுமா?

ப: எந்தக் கொடி என்று பாருங்கள். தளத்தின் எல்லையைச் சுற்றியுள்ள கொடிகள் சுடாத நாளிலும் பறக்கும். படகோட்டிக்கு முக்கியமானவை பிண்டன் குன்றிலும் செயின்ட் ஆல்பன்ஸ் முனையிலும் ஏற்றப்படுபவை. இரவில் அவற்றுக்குப் பதில் சிவப்பு விளக்கு மின்னும். மங்கலான வானிலையில் கடலிலிருந்து கொடி தெரியவே தெரியாது. அதனால் கொடியை மட்டும் நம்ப வேண்டாம். படகில் இருக்கும் வி.எச்.எஃப் வானொலியில், சானல் 8-இல் தளத்தின் காவல் படகைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்கள் இருப்பதே உங்கள் பாதுகாப்புக்காகத்தான், கேட்கத் தயங்காதீர்கள்.

கே: கடல் பொதுச் சொத்துதானே? சுடும்போது குறுக்கே போனால் என்ன செய்துவிடுவார்கள்?

ப: பயணமாகக் கடந்துபோக உங்களுக்கு உரிமை உண்டு. படகு உள்ளே இருக்கும்போது சுடமாட்டார்கள். நீங்கள் தாண்டும்வரை பீரங்கிகள் காத்திருக்கும். ஆனால் உள்ளே நங்கூரம் போட்டுத் தங்குவதும், மீன் பிடிப்பதும், சும்மா சுற்றுவதும் பயணம் ஆகாது. உரிமை இருக்கிறது என்பதற்காக ஒரு நாள் பயிற்சியை நிறுத்திவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காவல் படகு வழி சொன்னால் அதன்படி போய்விடுங்கள்.

கே: வியாழக்கிழமை போயே ஆக வேண்டும். சுற்றிப் போனால் எவ்வளவு நேரம் வீணாகும்?

ப: வழக்கமான ஆபத்துப் பகுதி கரையிலிருந்து 6 கடல்மைல் வரை; சில பயிற்சிகளுக்கு 12 வரை நீளும். எனவே முதலில் அன்றைய எல்லையைக் கேளுங்கள். 6 மைல் என்றால் நேர்வழியைவிட நான்கைந்து மைல்தான் கூடும். 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) வேகத்தில் சுமார் ஒரு மணி நேரம். வீண் என்று நினைக்காதீர்கள், அதில் இன்னொரு லாபம் இருக்கிறது. செயின்ட் ஆல்பன்ஸ் முனைக்கு வெளியே பாறைத் திட்டின் மேல் நீரோட்டம் ஏறி இறங்குவதால் கடல் கொதிப்பது போலக் கொந்தளிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அங்கே ஓட்டம் கிட்டத்தட்ட 5 நாட். சிறு படகு அதை எதிர்த்து நகரவே முடியாது. மேற்கே போகிறவர்கள் கிழக்கே உள்ள போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் ஓதம் உச்சத்தை எட்டும் நேரத்தை ஒட்டி முனையில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஓட்டம் மேற்கே திரும்பும். ஆனால் இந்தப் பக்கம் அடிக்கடி வீசுவது தென்மேற்குக் காற்று. அது ஓட்டத்துக்கு எதிரே வரும்போது அலை செங்குத்தாக எழும்பும். வெளிவழியாகச் சுற்றிப் போனால் பீரங்கியும் இல்லை, இந்தக் கொந்தளிப்பும் இல்லை. கரையை ஒட்டியே முனையைத் தாண்டும் வழியும் உண்டு. அமைதியான நாளில், பழகியவருடன் மட்டும் போங்கள். அப்புறம், முனையைத் தாண்டியதும் கிம்மரிட்ஜ் பாறை அடுக்குகள் கரையிலிருந்து அரை மைல் வரை நீண்டிருக்கின்றன, மறந்துவிடாதீர்கள்.

கே: ஆபத்துப் பகுதிக்குள் இருக்கும்போது காற்று நின்று, எஞ்சினும் கிளம்பாவிட்டால்?

ப: உடனே சானல் 8-இல் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் ஆபத்து அழைப்புக்கான சானல் 16. நிலைமை தெரிந்தால் சுடுவதை நிறுத்திவைப்பார்கள். நங்கூரம் போட வேண்டியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கே: தளத்துக்குள் இருக்கும் வார்பரோ விரிகுடாவில் குழந்தைகளோடு இறங்கலாமா?

ப: சுடாத வார இறுதியில், வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ காற்று வந்தால் அருமையான இடம். தென்மேற்குக் காற்றுக்கு மறைவே கிடையாது, கிளம்பிவிடுங்கள். பக்கத்திலேயே டைன்ஹாம் கிராமம். 1943 டிசம்பரில் ராணுவத்துக்காக மக்களை வெளியேற்றிய ஊர். அவர்கள் திரும்ப வரவே முடியவில்லை. அவசியம் பாருங்கள். மஞ்சள் கம்பங்கள் காட்டும் பாதையை விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது. மண்ணிலோ கூழாங்கற்களிலோ எந்த உலோகத் துண்டு கிடந்தாலும் குழந்தைகள் தொடக் கூடாது. வெடிக்காத குண்டாக இருக்கலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு, விலகி வந்து அவசர உதவி எண் 999-க்கு அழையுங்கள்.