பேச்சிப்பாறை அணைக்கரையில் கூடாரம் போட்டு ஓரிரவு தங்கி, மலையேற முடியுமா?

நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. கோதையாற்றின் குறுக்கே 1906-இல் கட்டி முடித்த அந்த அணையைச் சுற்றியுள்ள காட்டின் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். யானையும் புலியும் நடமாடும் இடம். அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இறந்தபின் கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது, அது நல்லதுதான்.

நடக்கத்தான் ஆசையென்றால் வழி இருக்கிறது. காளிகேசத்திலிருந்து பாலமோர் செல்லும் பாதையில் வனத்துறை வழிகாட்டியோடு போகலாம். இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் காயாத சருகுக்கடியில் நூல்போல் நெளிந்து நிற்கும். கடித்தது வலிக்காது, காலுறை சிவந்த பிறகுதான் தெரியும். பிய்த்து இழுக்காதீர்கள், உப்பை வைத்தால் தானாக உதிரும். முதல்முறை நான் உப்பை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனேன், ஊறுகாய்தான் காப்பாற்றியது.

ராத்தங்கலுக்குக் குலசேகரத்தில் அறை எடுங்கள். விடியற்காலையில் அணைக்கரைக்கு வந்தால், நீர்மேல் மூடுபனி விலகுவதைக் கூடாரம் இல்லாமலே பார்க்கலாம்.