கிளிப்பும் காயிலும் கற்கப் போகும் டாக்டருக்கு வீட்டுக் கடன் இப்போது வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 34. எம்பிபிஎஸ், எம்எஸ் முடித்து, எம்சிஹெச் நியூரோசர்ஜரியும் முடித்து ஓராண்டு ஆகிறது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கன்சல்டன்டாக இருக்கிறேன். மாதம் 2 லட்சம். 10% டிடிஎஸ் போக 1.8 லட்சம் கைக்கு வருகிறது. மனைவி ஆசிரியை, சம்பளம் 32,000. எம்பிபிஎஸ் காலத்துக் கல்விக் கடன் வட்டியோடு வளர்ந்து 18 லட்சத்தில் நிற்கிறது. மாதத் தவணை 38,700. டெபாசிட் 14 லட்சம். மூளை ரத்தக் குழாய் சிகிச்சையில் ஃபெலோஷிப் கிடைத்திருக்கிறது: வெளியூரில் 12 மாதம், 90,000 ஸ்டைபெண்ட். அப்புறம் 6 மாதம் ஜப்பான், அது சொந்தச் செலவு, 9 லட்சம் ஆகும். அப்பாவோ 85 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்து வைத்து, "டாக்டராகி இன்னும் வாடகை வீடா?" என்கிறார். இப்போதைய மருத்துவமனையும், திரும்பி வந்து மூன்று வருடம் அங்கேயே வேலை செய்வதாகப் பாண்டு எழுதிக் கொடுத்தால் ஃபெலோஷிப் காலத்தில் மாதம் 60,000 தருவதாகச் சொல்கிறது. என்ன செய்ய?
– பெயர் வெளியிட வேண்டாம், மதுரை

பதில்: ஃபெலோஷிப்புக்குப் போங்கள், டாக்டர். ஃபிளாட் இப்போது வேண்டாம். பாண்டை மட்டும் நன்றாகப் படித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

அப்பாவிடம் சொல்ல வசதியாக வீட்டுக் கணக்கையே முதலில் போடுகிறேன். 85 லட்சத்தில் 80% கடன் என்றால் 68 லட்சம். 8.5% வட்டி, 20 வருடம் என்றால் தவணை சுமார் 59,000. மீதி 17 லட்சத்துக்கு உங்கள் டெபாசிட் மொத்தமும் போய்விடும், பத்திரச் செலவு தனி. ஃபெலோஷிப் வருடத்தில் உங்கள் 90,000, மனைவியின் 32,000, மொத்தம் 1,22,000. வீட்டுச் செலவு 50,000, வெளியூரில் உங்கள் தங்கலும் சாப்பாடும் 20,000, கல்விக் கடன் 38,700 என்று வைத்தால் மாதம் 13,300 மிஞ்சும். ஃபிளாட் தவணையையும் சேர்த்தால் மாதம் 45,700 துண்டு விழும். ஜப்பான் மாதங்களில் நிலைமை இன்னும் மோசம். ஃபிளாட் இல்லாமலே வீட்டுக்கு மாதம் 56,700 குறையும். ஆறு மாதத்துக்கு 3.4 லட்சம். ஜப்பான் செலவு 9 லட்சத்தைக் கூட்டினால் 12.4 லட்சம். டெபாசிட்டும் முதல் வருட மிச்சமும் சேர்ந்து 15.6 லட்சம் இருக்கும். ஆக ஃபிளாட் இல்லையென்றால் கடன் வாங்காமல் 3 லட்சத்துச் சொச்சம் கையிருப்போடு ஊர் திரும்பலாம். ஃபிளாட் வாங்கினால் ஜப்பானுக்கு டிக்கெட்டே போட முடியாது.

இது பாதிக் கணக்குதான். ஃபெலோஷிப்பின் நிஜ விலை 9 லட்சம் இல்லை. 18 மாதம் வேலையிலேயே இருந்தால் 36 லட்சம் வந்திருக்கும், ஸ்டைபெண்டாக 10.8 லட்சம் வருகிறது. விட்டுப்போகும் 25.2 லட்சத்தையும் 9 லட்சத்தையும் சேர்த்தால் 34 லட்சம். திரும்பி வந்ததும் மாதம் 1 லட்சம் கூடுதலாகக் கிடைத்தால் மூன்று வருடத்துக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும். உங்களுக்கு இன்னும் முப்பது வருட வேலை இருக்கிறது.

கூடுதலாகக் கிடைக்குமா என்றுதான் உங்களுக்குச் சந்தேகம் வரும். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தத் துறையை ஒரு முறை மிகக் கிட்டத்தில் பார்த்தவன். கோவில்பட்டியில் என் பெரியப்பாவுக்கு ஒரு மாலை திடீரென்று தாங்க முடியாத தலைவலி. ஸ்கேனில் மூளையில் ரத்தக் கசிவு, ரத்தக் குழாயில் ஒரு புடைப்பு. பக்கத்து நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கருவி இருந்தது, அதைக் கையாளும் டாக்டர் வேறு ஊரில் இருந்தார், விடிந்துதான் வந்தார். பெரியப்பா பிழைத்துக்கொண்டார். அவர் ஃபைலில் ஒரு பக்கம் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ரத்தக் குழாய் வழியாகப் புடைப்புக்குள் வைத்த ஒவ்வொரு பிளாட்டினம் காயிலுக்கும் ஒன்று, அளவும் விலையும் தனித்தனி. மயிரிழை போன்ற ஒரு சுருளுக்கு இவ்வளவா என்று அன்று பில்லைப் பார்த்து மலைத்தேன். பின்னால் யோசித்தபோதுதான், அந்தப் பில்லில் அரிதான சரக்கு காயில் இல்லை, விடியும்வரை நாங்கள் காத்திருந்த அந்த மனிதர்தான் என்று புரிந்தது.

அதனால்தான் கிளிப், காயில் இரண்டும் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். 1937இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி மண்டையைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டது முதல் பல பத்தாண்டுகள் கிளிப்தான் வழி. 1990இல் இத்தாலிய மருத்துவர் குலியெல்மியின் காயில் வந்தது. 2002இல் வெளியான ஐசாட் ஆய்வில், வெடித்த புடைப்புகளில் இரண்டு சிகிச்சைக்கும் ஏற்றவர்களை ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர்களும் காயில் பக்கம் 23.7%, கிளிப் பக்கம் 30.6%. கிளிப் மட்டும் கற்றவர்களுக்கு அதன்பின் வேலை சுருங்கத் தொடங்கியது. ஆனால் காயிலுக்கு அடங்காத புடைப்புகள் இன்றும் உண்டு. கிளிப் போடத் தெரிந்தவர்கள் குறையக் குறைய அந்தக் கைக்கு மதிப்பு கூடுகிறது. 2015இல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகள், பக்கவாதத்தில் பெரிய குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் குழாய் வழியாகவே இழுத்து எடுப்பது பலனளிக்கிறது என்று காட்டின. அந்த வேலைக்கு நீங்கள் மட்டும் போட்டியில்லை. எம்டி ரேடியாலஜி முடித்து, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் மூன்று வருட டிஎம் என்ற உயர் சிறப்புப் படிப்பு படித்தவர்களும் செய்கிறார்கள், நியூராலஜி வழியாக வந்தவர்களும் செய்கிறார்கள். சென்னையில் மூன்று தரப்பும் கூடிக் கிடக்கும். இரண்டாம் கட்ட நகரத்தில், மண்டையையும் திறப்பேன், குழாய் வழியும் போவேன் என்று வரும் ஒருவரே இருவருக்குச் சமம்.

எனக்கு ஃபிளாட் பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் இதில்தான் இருக்கிறது. குழந்தை மருத்துவர் எந்த ஊரிலும் ஒரு மேசை போட்டு கிளினிக் திறக்கலாம். உங்களுக்கு இரண்டு பக்கமிருந்தும் படம் எடுக்கும் பைபிளேன் கேத் லேப் (குழாய் வழிச் சிகிச்சை செய்யும் அறை), நியூரோ ஐசியூ, நடு இரவில் வரும் மயக்க மருந்து நிபுணர் எல்லாம் வேண்டும். அதைச் சொந்தப் பணத்தில் வைக்க முடியாது. அது எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் உங்கள் பிழைப்பு. 2 வருடம் கழித்து அது மதுரையா, கோவையா, திருநெல்வேலியா என்று உங்களுக்கே இன்று தெரியாது. ஃபிளாட்டை முதலில் வாங்கிவிட்டால் சம்பளம் பேசும் மேசையில் "இவர் எங்கேயும் போக மாட்டார்" என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

சரி, பாண்டு. 18 மாதம் 60,000 என்றால் 10.8 லட்சம், சும்மா தள்ளிவிடும் தொகை இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: கேத் லேப் பைபிளேனா? மாதம் எத்தனை கேஸ்? அந்தக் கேஸ்களில் யார் யாருக்குப் பங்கு? நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் வேலைக்கு வேறு ஆளை எடுத்திருந்தால் பாண்டு தானாக முடியுமா? விலகினால் கட்ட வேண்டிய தொகை ஒவ்வொரு வருடமும் மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும். பாண்டில் என்ன தொகை எழுதியிருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்குத்தான் நீதிமன்றம் உத்தரவிடும். ஆனாலும் அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். உள்ளது சிங்கிள் பிளேன் கருவிதான், பைபிளேன் வரும் என்று வாய் வார்த்தையாகச் சொன்னால், 60,000 வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

இனி வரி. உங்களுக்கு 10% பிடிக்கிறார்கள் என்றால் தொழில்முறைக் கட்டணமாகக் காட்டுகிறார்கள் என்று பொருள். 44ஏடிஏ என்று எல்லாரும் சொல்லும் முறையில் வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம். ஆண்டு 24 லட்சத்தில் பாதி 12 லட்சம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், பிடித்த 2.4 லட்சமும் திரும்ப வர வேண்டியது. கெடுப்பது உங்கள் டெபாசிட் வட்டி. 7% என்றால் 98,000. அது சேர்ந்து வருமானம் 12 லட்சத்தைத் தாண்டியதும் அந்த வரித் தள்ளுபடி போய், செஸ்ஸோடு சுமார் 78,000 வரி. வட்டியில் பெரும்பகுதி அதற்கே போகிறது! டெபாசிட் முதிர்ந்ததும் பணத்தை லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) போடுங்கள். அதில் பணத்தை எடுக்கும்போதுதான் லாபத்துக்கு வரி, நீங்கள் எடுக்கப்போவதோ வருமானம் குறைந்த வருடத்தில். மனைவி பெயரில் மாற்றினாலும் அந்த வருமானம் உங்கள் கணக்கில்தான் சேரும், அந்த யோசனை வேண்டாம். கல்விக் கடன் வட்டிக் கழிவு பழைய முறையில் மட்டும்தான். உங்கள் நிலைக்கு அதை விட்டுக்கொடுப்பதில் நஷ்டமில்லை.

காப்பீட்டில் மூன்று வேண்டும். இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசி எடுங்கள். விபத்துக் காப்பீட்டில் ஒரு விரல் போனாலும் என்ன தருவார்கள் என்ற அட்டவணையைப் பார்த்து எடுங்கள்; உங்கள் சம்பாத்தியமே விரல்நுனியில்தான். மூன்றாவது, தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, மருத்துவமனையை நம்பாமல் சொந்தப் பெயரில். 2013இல் ஒரு கொல்கத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்மானித்த இழப்பீடு சுமார் 6 கோடி. இந்தப் பாலிசிகளில் வழக்கு வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். ஜப்பானில் அறுவையே செய்யவில்லையே என்று பிரீமியம் கட்டாமல் விட்டால், மதுரையில் முன்பு செய்த கேஸுக்கும் பாதுகாப்பு போய்விடும்.

அப்பாவுக்கு ஒரு வழி. ஃபிளாட் அட்வான்ஸ் என்று எதையும் கொடுத்திருந்தால் அதைத் திரும்பக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். டெபாசிட் என்று முதிர்கிறது, பாண்டில் விலகல் தொகை என்ன என்பதை எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்து மாதவாரிக் கணக்கு போட்டுத் தருகிறேன்.