பழைய நெட்வொர்க் கேபிளில் எல்இடி ஸ்ட்ரிப் எரியுமா?

கேள்வி: ஹாலில் இருந்து மாடி வராண்டா வரை பைப்புக்குள் 20 மீட்டர் கேட் 5இ கேபிள் சும்மா கிடக்கிறது. அதிலேயே கரண்ட் கொடுத்து வராண்டா சீலிங்கில் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் 5 மீட்டர் (மீட்டருக்கு 4.8 வாட்) போடலாமா? அடாப்டர் ஹாலில்தான் இருக்கும்.

பதில்: எரியும். ஆனால் 12 வோல்ட்டில் மங்கலாகத்தான் எரியும். ஸ்ட்ரிப்பை இன்னும் வாங்கவில்லை என்றால் 24 வோல்ட் வாங்குங்கள்.

கேட் 5இ கேபிளின் ஒரு கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம் மின்தடை. நான்கு கம்பிகளைச் சேர்த்து பிளஸ், மற்ற நான்கைச் சேர்த்து மைனஸ் என்று கட்டினாலும், போக வர 20 மீட்டருக்கு 0.84 ஓம் வருகிறது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடி வரிசையாக நின்று ஏறத்தாழ 9 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்தான் ரெசிஸ்டருக்கு. கேபிளில் ஒரு வோல்ட் போனாலே அந்த மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உங்கள் ஸ்ட்ரிப்புக்கு வேண்டிய 2 ஆம்பியருக்குப் பதில் 1.3 ஆம்பியர்தான் ஓடும். ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஒரு ஜோடிக் கம்பியை மட்டும் பயன்படுத்தினால் 0.6 ஆம்பியர். பலர் இங்கேதான் ஸ்ட்ரிப் மட்டமென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

அதே 24 வாட்டுக்கு (5 மீட்டர் × 4.8) 24 வோல்ட் ஸ்ட்ரிப் 1 ஆம்பியர்தான் கேட்கும். வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு குறையலாம், கண்ணுக்குத் தெரியாது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கீழே 24 வோல்ட் அடாப்டர் வைத்து, மேலே ஸ்ட்ரிப் பக்கத்தில் 24-இலிருந்து 12-க்கு இறக்கும் 3 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர் போடுங்கள். வழியில் ஓரிரு வோல்ட் குறைந்தாலும் அது 12 வோல்ட்டைப் பிடித்து நிறுத்தும்.

முதலில் கேபிள் செம்புதானா என்று பாருங்கள். மலிவான கேபிள்கள் பல அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சுதான். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். மேல் முனையில் ஒரு ஜோடியை முறுக்கிச் சேர்த்துவிட்டு, கீழிருந்து மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 3.4 அருகே காட்டினால் செம்பு. 5-ஐத் தாண்டினால் பூச்சுக் கம்பியாக இருக்கலாம். அதில் 24 வோல்ட்டைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

இணைப்பில் முழு நிறக் கம்பிகள் (ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு) நான்கும் பிளஸ், வெள்ளை கலந்தவை நான்கும் மைனஸ். வெள்ளைக் கோடு மங்கியிருந்தால் எது எதன் ஜோடி என்று முறுக்கைப் பிரிக்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கம்பி என்பதால் தோல் உரிக்கும்போது கீறல் பட்டால் பிறகு அங்கேயே முறியும். நான்கையும் முறுக்கி சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுவதே நல்லது.

அடாப்டர் 24 வோல்ட், 1.5 ஆம்பியர் போதும். பழைய சிசிடிவியின் 10 ஆம்பியர் பவர் சப்ளை வீட்டில் இருக்கிறதே என்று அதை மாட்டாதீர்கள்: மேலே ஷார்ட் ஆனால் கேபிள் சூடாகும். எந்த சப்ளையானாலும் அதன் பிளஸ் முனையை ஒட்டி 2 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். 230 வோல்ட் வயர் ஓடும் பைப்பில் இந்தக் கேபிள் கிடந்தால் இந்த வேலையே வேண்டாம்.

ஆர்ஜிபி (நிறம் மாறும்) ஸ்ட்ரிப் என்றால் பாதிப் பாதி பிரிப்பு சரிவராது. மூன்று நிறத்தின் மின்னோட்டமும் பிளஸ் வழியாகத்தான் போகிறது. அதனால் பிளஸுக்கு ஐந்து கம்பி, நிறத்துக்கு ஒன்று.

பிஓஇ ஸ்விட்சில் (நெட்வொர்க் கேபிள் வழியே பவரும் தரும் ஸ்விட்ச்) ஸ்ட்ரிப்பை நேராகச் செருகிப் பார்க்க வேண்டாம். முறையான ஸ்விட்ச் எதிர்முனையைச் சோதித்துவிட்டுத்தான் பவர் தரும், எனவே ஒன்றும் எரியாது. சோதிக்காத பாசிவ் வகை 48 வோல்ட் வரை தள்ளி ஸ்ட்ரிப்பைக் கருக்கிவிடலாம். நடுவில் பிஓஇ பவரைப் பிரித்து ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற வோல்ட்டில் தரும் ஸ்ப்ளிட்டர் வைக்கலாம். ஆனால் சாதாரண பிஓஇ தரமான 802.3ஏஎஃப் வகையில் மறுமுனைக்குக் கிடைப்பது 12.95 வாட்தான். உங்கள் ஸ்ட்ரிப்பில் பாதிக்குத்தான் அது காணும்.