எல்லா மூட்டு நோவும் தேய்மானம் இல்லை: கேள்வி பதில்

காத்திருக்கேலாத கேள்வியை முதலில் எடுக்கிறேன்.

கேள்வி (ஒட்டுசுட்டான், தாய்): ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு முழங்கால் மட்டும் வீங்கி, தொட்டால் கொதிக்குது. காய்ச்சலும் இருக்கு. கால் ஊன்றமாட்டான். புக்கை கட்டலாமோ?

பதில்: வேண்டாம் அம்மா. இதை வாசித்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால், கிருமியும் அதை எதிர்க்க வரும் வெள்ளணுக்களும் விடும் நொதியங்கள், எலும்பு நுனியை மூடியிருக்கிற மெத்தையான கசியிழையத்தைச் சில நாளிலேயே அழித்துவிடும். ஊசியால் நீரெடுத்துப் பார்த்து, மருந்து ஏற்ற வேண்டும். விடியட்டும் என்று இருக்காதேங்கோ.

கேள்வி (கிளிநொச்சி, வயல் செய்பவர், 58): ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சு போச்சு எண்டு டொக்டர் சொன்னவர். குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்ததாலயோ?

பதில்: பாதி ஓம் அண்ணை. எலும்பு நுனியை மூடியிருக்கிற கசியிழையத்தில் நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு தண்ணீர். அதைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிக்கன் என்ற புரதம். எல்லாவற்றையும் கட்டி வைத்திருப்பது கொலாஜன் நார். வருடக்கணக்கான பாரம், உடல் எடை, பழைய அடி, வயது எல்லாம் சேரும்போது உள்ளே இருக்கிற கலங்கள் தடம் மாறி, தாங்களே நொதியங்களைச் சுரக்கும். அவை முதலில் அக்ரிக்கனையும் பிறகு கொலாஜனையும் வெட்டும். ஆகவே இது வெறும் உராய்வு இல்லை. கசியிழையத்தில் நரம்பு கிடையாது. ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போவது அதனால்தான். இரத்தக் குழாயும் கிடையாது. போனது திரும்ப வளர்வதும் அரிது. நோவது அடியிலுள்ள எலும்பும் மூட்டுச் சவ்வும்.

ஆனால் நோகுது என்று படுத்துவிடாதேங்கோ. மூட்டு அமுங்கி விடுபடும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து கசியிழையத்துக்குச் சாப்பாடு போகும். கதிரையில் இருந்து காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து மெல்ல இறக்குங்கோ. தொடைத்தசை பலமானால் முழங்காலின் சுமை குறையும். கனநேரம் குந்தியிருப்பதைத் தவிருங்கோ.

கேள்வி (முள்ளியவளை, மகள்): அம்மாவுக்கு 42 வயசு. விடிய எழும்பினா ரெண்டு கையும் மடக்கேலாது. இளக ஒம்பது மணியாகும். இதுவும் தேய்மானமோ? எண்ணெய்தான் பூசுறம்.

பதில்: தங்கச்சி, அம்மாவின் விரல் அடிமூட்டுகளையும் நடுமூட்டுகளையும் மெல்ல அழுத்திப் பாருங்கோ. பஞ்சுபோல மெத்தென்று வீங்கி, அழுத்த நோகுதென்றால் முடக்குவாதமாக இருக்கலாம். தேய்மானம் பெரும்பாலும் நகத்துக்குக் கிட்டிய மூட்டில் கல்லுமாதிரிப் புடைக்கும். காலை விறைப்பும் அரைமணிக்குள் விட்டுவிடும்.

முடக்குவாதத்தில் கேடு கசியிழையத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்க, சவ்வு தடித்துக் கசியிழையத்தின் மேல் படர்ந்து ஓரத்திலிருந்து அரிக்கும், எலும்பையும் விடாது. எண்ணெய் பூசினால் இதமாக இருக்கும், அரிப்பு நிற்காது. முதல் மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். இவ்வளவு காலமும் வாதம் என்று பொறுத்துக்கொண்டு விரல் கோணிப்போன பெண்களை நினைத்தால் மனம் ஆறாது, தயவுசெய்து தள்ளிப்போடாதேங்கோ. இதற்கு டொக்டர் மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்து தந்தால் அது வாரத்தில் ஒரு நாள் மட்டும் குடிக்கிற குளிசை. தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி (புதுக்குடியிருப்பு): 2009இல ஒரு கால் முழங்காலுக்குக் கீழ போட்டுது. இப்ப மற்ற முழங்காலும் நோகுது.

பதில்: இது உங்கள் கற்பனை இல்லை அண்ணை. கால் இழந்தவர்கள் தங்களை அறியாமலே பாரத்தை மற்றக் காலில் போடுவார்கள். அந்த முழங்காலில் கசியிழையம் முந்தியே கெடும். முதலில் செயற்கைக்காலில் உங்கள் கால் நுழையும் குழி பொருத்தமாக இருக்கா, உயரம் சரியா என்று பார்ப்பியுங்கோ. குழி தளர்ந்திருந்தால் எந்த நோக்குளிசையும் உதவாது. அந்த முழங்காலுக்கு எப்போதாவது அடிபட்டிருந்தாலோ, சன்னம் தங்கியிருந்தாலோ டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கோ.

கேள்வி (மாங்குளம்): கால் பெருவிரல் மூட்டு இரவோடிரவாச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகுது. ரெண்டு நாளில சுகமாகுது. விடலாமோ?

பதில்: விடாதேங்கோ. பெரும்பாலும் யூரிக் அமிலப் பளிங்கு படிந்த கவுட். நோவு போனாலும் பளிங்கு மூட்டுக்குள்ளேயே கிடந்து கசியிழையத்தையும் எலும்பையும் தின்னும். இரத்தத்தில் யூரிக் அமிலம் பாருங்கோ. மருந்து தொடங்கினால் டெசிலீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். பியரையும் ஈரலையும் நிறுத்துங்கோ.