ஒரு சுற்று தவறினால் ஒன்பது

விளையாட்டு உடலியங்கியல் ஆய்வு குறித்த வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற உடற்கல்விப் பேராசிரியை ஒருவரின் பதில்கள்.

கேள்வி: மேடம், நான் உடற்கல்வியில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. கபடி வீரர்களுக்கு 12 வாரம் பிளையோமெட்ரிக் என்கிற குதிப்புப் பயிற்சி கொடுத்து, ஆக்சிஜன் கொள்திறன் (உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜன்) மாறுகிறதா என்று பார்ப்பதுதான் தலைப்பு. கல்லூரியில் டிரெட்மில்லும் இல்லை, மூச்சுக்காற்றை அளக்கும் கேஸ் அனலைசரும் இல்லை. 12 நிமிடத்தில் ஓடும் தூரத்தை அளக்கும் கூப்பர் ஓட்டத்தை வைத்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒப்புக்கொள்வார்களா? ரிசல்ட் சிக்னிஃபிகன்ட்டாக, அதாவது புள்ளியியல்படி உறுதியான மாற்றமாக, வந்தே ஆக வேண்டும் என்று கைடு வேறு சொல்கிறார்.
– ஸ்காலர், நாமக்கல்

பதில்: கூப்பர் ஓட்டத்தைத் தாராளமாக வைக்கலாம் தம்பி. கென்னத் கூப்பர் 1968-ல் அதை வெளியிட்டபோது, அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த 115 ஆண்களை மைதானத்தில் 12 நிமிடம் ஓடவிட்டு, டிரெட்மில்லில் எடுத்த அளவோடு ஒப்பிட்டுத்தான் சொன்னார். இரண்டும் நன்றாகவே பொருந்தின. ஆனாலும் ஓடிய தூரத்திலிருந்து கணக்குப் போட்டு எடுப்பது மதிப்பீடுதான். அதை தீசிஸில் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். வெளித்தேர்வாளர் கேட்டு, அப்புறம் நீங்கள் விழிக்கக் கூடாது.

எனக்குக் கவலையெல்லாம் சுற்று எண்ணுவதில்தான். ஓடிய மீட்டரில் 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுக்கிறோம். 2,400 மீட்டர் ஓடியவருக்கு 42.4 வரும். அதாவது, உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 42.4 மில்லி ஆக்சிஜன். அதே ஆளுக்கு 400 மீட்டர் சுற்று ஒன்றைக் கூடுதலாக எழுதிவிட்டால் 51.3 ஆகிவிடும். ஒன்பது! 12 வாரம் உயிரைக் கொடுத்துப் பயிற்சி எடுத்தாலும் பலருக்கு அவ்வளவு ஏறாது.

என்னிடம் ஆய்வு செய்த மாணவி ஒருத்திக்கு இது நடந்தது. பின்தேர்வு (பயிற்சிக்குப் பிந்தைய அளவீடு) முடிந்து, முன்தேர்வை (பயிற்சிக்கு முந்தைய அளவீட்டை) விட ஒரு பையனுக்கு மட்டும் ஒன்பது கூடியிருக்கிறது என்று சந்தோஷமாக வந்து காட்டினாள். எக்செல் தாளை ஓரமாக வைத்துவிட்டு, மைதானத்தில் எழுதிய நோட்டைக் கொண்டு வரச் சொன்னேன். வியர்வை பட்டு மை கலங்கிய பக்கம். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று ஐந்தைந்தாகக் குறித்திருந்தார்கள். அந்தப் பையனின் வரியில் முதல் கட்டுக்குள்ளேயே ஐந்து நேர்கோடு, அதன் மேல் ஒரு குறுக்குக்கோடு, ஐந்துக்குப் பதில் ஆறு கோடு. விசாரித்தால், ஒரே ஆள் மூன்று பேருக்குச் சுற்று எண்ணியிருக்கிறார். அந்தப் பையனை மட்டும் திரும்ப ஓடவிட்டிருந்தால், நமக்குச் சந்தேகம் வந்த எண்ணை மட்டும் திருத்தியதாகிவிடும். அதனால் அத்தனை பேரையும் அதே வாரத்தில் மறுபடி ஓடவைத்தோம். அவள் அன்று அழுதேவிட்டாள். தேர்வு நாளில் நான் மைதானத்துக்குப் போகவில்லை, அதனால் அந்தத் தவறில் பாதி என்னுடையது. அதற்குப் பிறகு என் ஸ்காலர்களிடம், ஓடும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒருவர் எண்ண வேண்டும், நெஞ்சில் எண் ஒட்ட வேண்டும், முன்தேர்வும் பின்தேர்வும் காலை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கினேன். ஜனவரிக் காலையில் முன்தேர்வும் ஏப்ரல் வெயிலில் பின்தேர்வும் வைத்தால், பயிற்சி செய்ததையும் வெயில் செய்ததையும் பிரிக்கவே முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளையோமெட்ரிக் என்பது குதித்துத் தரை தொட்டதும் மறுபடி எம்பும் பயிற்சி. அது முதலில் கூட்டுவது வெடிப்புத்திறனை. கபடியில் ஒரு ரெய்டே 30 விநாடிதான். செங்குத்துத் தாண்டலை முதன்மை அளவாகவும் ஆக்சிஜன் கொள்திறனை இரண்டாவதாகவும் வைக்கலாமா என்று அடுத்த டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்குக்கு முன்பே கைடிடம் பேசிவிடுங்கள். சிக்னிஃபிகன்ட்டாக வராத முடிவும் முடிவுதான். முறையாக அளந்து, 'மாற்றம் தெரியவில்லை' என்று எழுதிய தீசிஸ்களுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பட்டமும் கிடைத்திருக்கிறது. எண்ணைத் தொடச் சொன்னால் மட்டும் பணிவாக, உறுதியாக மறுத்துவிடுங்கள். மைதான நோட்டுப் பக்கங்களைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெண்களைச் சேர்த்தால் மாதவிடாயால் டேட்டா குழம்பும், ஆண்களை மட்டும் எடு என்கிறார்கள். சரியா?
– எம்.பி.எட். மாணவி, திருநெல்வேலி

பதில்: சரியில்லை அம்மா. இப்படிச் சொல்லிச் சொல்லியே நம் துறையில் பெண் உடலைப் பற்றிய அறிவு பின்தங்கிக் கிடக்கிறது. நம் பிள்ளைகள் ஆண்களுக்காகப் போட்ட அட்டவணையை வைத்துப் பயிற்சி எடுக்கிறார்கள், எனக்கு அது இன்னமும் ஆறவில்லை. வழி இருக்கிறது. 12 வாரம் என்றால் 84 நாள். 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குச் சரியாக மூன்று சுழற்சி, பின்தேர்வு தானாகவே அதே நாளில் வந்து நிற்கும். ஆனால் எல்லோருக்கும் 28 இல்லை. அதனால் கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியை முன்தேர்விலும் பின்தேர்விலும் குறியுங்கள். தேவைப்பட்டால் அவருக்கு மட்டும் சில நாள் தள்ளி வையுங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். இதையெல்லாம் கேட்பது நீங்களாக இருங்கள், தனி அறையில் கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி அனுமதிக்கும் நான்கு பிஎச்.டி. ஸ்காலர் இடமும் என்னிடம் நிரம்பிவிட்டன. வகுப்பு, போட்டி, நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை எல்லாம் போக நேரமே இல்லை. எதை விடக் கூடாது?
– உதவிப் பேராசிரியர், கோவை

பதில்: முன்தேர்வு நாளை விடாதீர்கள் சார். எத்திக்ஸ் அனுமதி கையில் வந்த பிறகுதான் அந்த நாளே. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், ஸ்காலர் அதை வாசித்துக் காட்டுவதைக் கேளுங்கள். அப்புறம் ஓய்வுநிலை நாடியை எப்படி எண்ணுகிறார் என்று பாருங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், விட்டுப்போன ஒரு துடிப்பு நாலாகிவிடும். முழு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். அதே ஆளின் இன்னொரு கையை நீங்கள் பிடித்து எண்ணுங்கள், இருவரும் தனித்தனியாக எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். பத்து பேருக்கு இப்படிச் செய்தாலே அவர் கையை நம்பலாமா என்று தெரிந்துவிடும்.

மற்றபடி பதினைந்து நாளுக்கு ஒரு முறை, தேதி குறித்து ஒரு மணி நேரம் போதும். நாலு பேரின் முன்தேர்வையும் ஒரே வாரத்தில் மட்டும் வைக்காதீர்கள். நாலு மைதானத்தில் உங்களால் நிற்க முடியாது.